சொற்களின் சொந்தபந்தம்: ஜம்பை முதல் பலூசிஸ்தான் வரை

கள்ளக்குறிச்சிப் பாறை ஒன்றில் இருக்கும் ஒற்றை வரி, திராவிட மொழிகளின் உறவுக்குச் சாட்சி சொல்கிறது. கல்வராயன் மலை வாழ்வோடும் உழவோடும் ஒட்டிய சொற்களுக்கோ பலூசிஸ்தானிலும் கம்போடியாவிலும் உறவினர்கள் இருக்கிறார்கள்.

அசோகர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த இரண்டாம் பாறைச் சாசனத்தில் ஒரு பட்டியல் வருகிறது. மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்து கொடுத்த நாடுகளின் பட்டியல் அது. பேரரசின் தெற்கு எல்லைக்கு அப்பால் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் என்று நால்வர் சொல்லப்படுகிறார்கள். 1830களின் கடைசியில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியபோது, நால்வரில் மூவரை அடையாளம் காண்பதில் சிக்கல் இருக்கவில்லை. அவர்கள் நம் மூவேந்தர்கள். சதியபுத்திரர் யார் என்பதுதான் பிடிபடவில்லை. சத்தியமங்கலத்துக்காரர் என்றார்கள், துளு நாட்டவர் என்றார்கள். மகாராட்டிரத்தின் சாத்புதே என்ற குடும்பப் பெயரோடு முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. ஏறக்குறைய 140 ஆண்டுகள் இப்படியே போயின.

விடை இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்தது. திருக்கோவிலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையோரத்துச் சிற்றூர் ஜம்பை. அங்குள்ள குன்றின் குகையில் 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறை ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டைக் கண்டறிந்தது. மொத்தமே ஒரு வரி. ‘சதியபுதோ’ என்ற பட்டத்தில் தொடங்கி, அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த ‘பாளி’ என்று முடிகிறது. பாளி என்பது துறவிகள் தங்கும் குகைத்தளம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் அதியமானின் பெயர்தான் அது.

தகடூர் இன்றைய தருமபுரி. கோவலூர் என்ற திருக்கோவிலூர், மலையமான் திருமுடிக்காரியின் ஊர். அதியமான் கோவலூர் மீது படையெடுத்து வென்ற செய்தி சங்க இலக்கியத்தில் உண்டு. இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் கல்வராயன் மலை கிடக்கிறது. ஆக, அதியன் பெயர் ஜம்பைப் பாறையில் இருப்பதில் வியப்பில்லை.

வரலாற்று ஆய்வாளர்களுக்கு அந்த வரி ஒரு பழைய வழக்கை முடித்துவைத்தது. மொழி ஆய்வாளர்களுக்கு அது வேறொன்றைக் கொடுத்தது. ‘சதிய’ என்று ஒருபக்கம், ‘அதிய’ என்று மறுபக்கம், ஒரே மனிதனின் குடிப்பெயர் ஒரே வரியில் இரண்டு உருவத்தில் நிற்கிறது. முன்னால் இருக்கும் ‘ச’ எங்கே போயிற்று?

காணாமல் போன ‘ச’

கல்வெட்டு கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதற்கு விடை தயாராக இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் பர்ரோ 1940களில் திராவிட மொழிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, தென் திராவிட மொழிகளில் பல சொற்கள் முதலில் இருந்த ‘ச’ ஒலியை இழந்திருப்பதைக் காட்டினார். மூலத் திராவிடத்தில் ‘ச’ இருந்தது. நடு இந்திய மொழிகள் அதை வைத்துக்கொண்டன. தமிழும் கன்னடமும் உதிர்த்துவிட்டன.

சான்றுகள் நம் வாயிலேயே இருக்கின்றன. நாம் ‘ஆறு’ என்று எண்ணுகிறோம். நடு இந்தியாவில் கோண்டி பேசுகிறவர் ‘சாருங்’ என்று எண்ணுகிறார். நாம் ‘உப்பு’ என்கிறோம். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் பேசப்படும் பர்ஜி மொழியில் அது ‘சுப்’, ஒடிசாப் பக்கத்துக் கடபாவில் ‘சுப்பு’. நம் ‘இல்லை’ கோண்டியில் ‘சில்லே’. கொடுப்பதைக் குறிக்கும் நம் ‘ஈ’ என்ற வினையின் கோண்டி உருவம் ‘சீ’. ஜம்பைக் கல்வெட்டில் ‘கொடுத்த’ என்ற பொருளில் இருக்கும் சொல் ‘ஈத்த’. ஆகவே அந்த ஒரு வரியில் ‘ச’ உதிர்ந்த தடம் அதியன் பெயரில் ஒன்று, ஈத்த என்ற வினையில் ஒன்று என இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கிறது. வடக்கே பட்டமாகப் போன ‘சதியபுதோ’ பழைய ஒலியை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தது.

இந்த உதிர்வு கடன் சொற்களையும் விட்டுவைக்கவில்லை. சிரமணர் தமிழில் ‘சமணர்’ ஆனதோடு ‘அமணர்’ என்றும் ஆனார்கள். ‘ச்ராவண’ மாதம் நமக்கு ‘ஆவணி’. வடமொழி ‘சஹஸ்ர’ கன்னடத்தில் ‘சாவிர’ என்று ‘ச’வோடு நிற்க, தமிழில் ‘ஆயிரம்’ ஆயிற்று என்பது ஆய்வாளர் கருத்து. சிப்பிக்கு ‘இப்பி’ என்ற உருவமும் நம் அகராதியில் உண்டு. ஒன்றிரண்டு சொல்லில் நடந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். வரிசையாக நடக்கும்போது அது விதி. சொற்களின் உறவைத் தீர்மானிப்பது இந்த வரிசைதான். காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பது போதாது. வேறுபாடு ஒழுங்காக இருக்க வேண்டும்.

செவியும் கிவியும், புளியும் ஹுளியும்

அசோகர் சாசனத்தில் ‘கேரளபுத்திரர்’ என்று இருப்பவரை நாம் ‘சேரமான்’ என்கிறோம். ‘புத்திரர்’ என்பதற்கு நேராக நம்மிடம் ‘மகன்’ இருக்கிறது. சேரமகன் சேரமான், அதியமகன் அதியமான், மலையமகன் மலையமான். ‘கே’ எப்படிச் ‘சே’ ஆனது?

இ, ஈ, எ, ஏ என்ற உயிர்களுக்கு முன்னால் நின்ற பழைய ‘க’ தமிழில் ‘ச’ ஆகிவிட்டது. நம் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’, துளுவில் ‘கெபி’, நீலகிரிக் கோத்தர் மொழியில் ‘கெவ்’. சிவப்பைச் சொல்லும் நம் ‘செம்’ கன்னடத்தில் ‘கெம்’. ‘சிறு’ அங்கே ‘கிறு’. ஆனால் ‘கிளி’, ‘கேள்’, ‘கெடு’, ‘கிழங்கு’ ஆகியவை மாறவில்லை. இவற்றில் அந்த உயிரை அடுத்து ள, ட, ழ போன்ற நாமடி ஒலிகள் வருகின்றன. அவை பழைய ‘க’வை மாறவிடாமல் காத்தன. சின்னசேலம் சாலையில் லாரி லாரியாகப் போகும் மரவள்ளிக் கிழங்கு ‘சிழங்கு’ ஆகாமல் இருப்பதற்கு அதிலுள்ள ‘ழ’ தான் காரணம். விதிக்கு விலக்கு இருந்தால், அந்த விலக்குக்கும் ஒரு விதி இருக்கிறது.

கன்னடம் தன் பங்குக்கு வேறு மாற்றங்களைச் செய்தது. சொல் முதலில் இருந்த ‘ப’ அங்கே ‘ஹ’ ஆனது: பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’, புளி ‘ஹுளி’. ‘வ’ அங்கே ‘ப’ ஆனது: வேர் ‘பேரு’, வில் ‘பில்லு’, வரகு ‘பரகு’. கல்வராயன் மலையின் முக்கிய ஊரான வெள்ளிமலையின் ‘வெள்ளி’ கன்னடக்காரருக்குப் ‘பெள்ளி’. தெலுங்கோ எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டது: நம் ‘உரல்’ அங்கே ‘ரோலு’, ‘இரண்டு’ அங்கே ‘ரெண்டு’, ‘அவன்’ அங்கே ‘வாடு’.

இந்த ஒழுங்கை முதலில் உணர்ந்தவர் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்கள் பொதுவானவை, வடமொழியிலிருந்து வந்தவை அல்ல என்று 1816இல் எழுதினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூல் 1856இல் வந்தது. பர்ரோவும் எமனோவும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, 1984இன் இரண்டாம் பதிப்பில் 5,500க்கும் மேற்பட்ட பதிவுகளோடு நிறைவு பெற்றது. இன்றும் இத்துறையில் அதுதான் அடிப்படை நூல். திராவிடக் குடும்பத்தின் வயது சுமார் 4,500 ஆண்டுகள் என்று 2018இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

மலை என்ற சொல் போன தூரம்

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்ற வாய்மொழி வரலாறு சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என வட்டாரத்துக்கு வட்டாரம் மாறி வழங்குகிறது. பெயர் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: மலையை ஆள்பவர்.

மலை என்ற அந்தச் சொல் மலையாளத்தில் ‘மல’, கன்னடத்தில் ‘மலெ’. ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளில் மால்தோ பேசும் மக்கள் தங்களை ‘மலேர்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள்; மலைக்காரர் என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. 2011 கணக்கெடுப்பில் மால்தோ பேசுகிறவர்கள் சுமார் 2.34 லட்சம் பேர். பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பேசப்படும் பிராகுயியில் மலை ‘மஷ்’. பர்ரோ, எமனோ அகராதி இதையும் நம் மலையோடு ஒரே பதிவில் சேர்த்திருக்கிறது. பிராகுயியில் கண் ‘கன்’, கல் ‘கல்’. அந்தக் ‘க’ மட்டும் தொண்டையிலிருந்து உரசிக்கொண்டு வரும். வாய் அங்கே ‘பா’, நீர் ‘தீர்’. ஈரான் எல்லையை ஒட்டிய வறண்ட நிலத்தில் ஆடு மேய்ப்பவர் சொல்லும் கல்லும் கல்வராயன் காட்டில் காலில் இடறும் கல்லும் ஒரே சொல்.

மலை வடமொழிக்கும் போனது. சந்தனம் மணக்கும் தென்னாட்டு மலைக்கு அங்கே ‘மலய’ என்று பெயர். அங்கிருந்து வீசும் காற்று ‘மலய மாருதம்’ ஆகி நம்மிடமே திரும்பி வந்து, ஒரு ராகத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. சந்தனம் என்ற சொல்லும் இதே வழியில் போய் வந்தது என்பது பர்ரோ போன்றவர்களின் கருத்து. அரைத்துப் பூசும் ‘சாந்து’ வடக்கே ‘சந்தன’ ஆகி, கிரேக்கத்தில் ‘சந்தலோன்’ என்று ஒலித்து, தமிழுக்குச் சந்தனமாகத் திரும்பியது.

மலைச் சரக்கின் பெயர்கள்

கல்வராயனிலிருந்து இறங்கும் சரக்கு என்றால் தேன், புளி, கடுக்காய், சாமை, தினை என்று சொல்லிக்கொண்டே போகலாம். தேன் கன்னடத்தில் ‘ஜேனு’, தெலுங்கில் ‘தேனெ’. வடக்கே குருக் மொழியில் ‘தீனி’ என்றால் தேனீ. பூச்சியும் அது தரும் பண்டமும் ஒரே வேரில் நிற்கின்றன.

புளிக்கு நாம் சுவையை வைத்துப் பெயரிட்டோம். அரபு வணிகர்கள் காய்ந்த பழத்தைப் பேரீச்சையோடு ஒப்பிட்டு ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். அதுவே ஆங்கில ‘டாமரிண்ட்’. தோல் பதனிடும் தொழிலுக்கும் மருந்துக்கும் போகும் கடுக்காயின் பெயர் அதன் கடுமையான துவர்ப்பைச் சொல்கிறது. தெலுங்கில் அது ‘கரக்காய’.

எல்லாவற்றிலும் நீண்ட பயணம் இஞ்சியுடையது. பாலி மொழியில் அது ‘சிங்கிவேர’. பின்பாதியில் இருப்பது நம் ‘வேர்’. முன்பாதியில் இருப்பது, ‘ச’ உதிராத பழைய இஞ்சி. அதியனுக்கு நடந்தது இஞ்சிக்கும் நடந்திருக்கிறது! பாலியிலிருந்து கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’, லத்தீனில் ‘ஸிங்கிபெர்’, ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்’. கதை அங்கும் முடியவில்லை. தாய்லாந்தில் இஞ்சி ‘கிங்’, சீனத்தில் ‘ஜியாங்’. செடி கிழக்கிலிருந்து வந்தபோது பெயரும் கூடவே வந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

கிழங்கு ஆலைக்குப் போகும் மரவள்ளி நேர்மாறான கதை. தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகச் செடி வந்தது. பெயரை நாமே வைத்துக்கொண்டோம். மரம்போல் தண்டு நிற்பதால் மரவள்ளி, குச்சியை வெட்டி நடுவதால் குச்சிக்கிழங்கு. ஆங்கில ‘டாப்பியோகா’ பிரேசிலின் துப்பி மொழிச் சொல். மரவள்ளியிலிருந்து செய்யும் சவ்வரிசியின் பெயருக்கு அடியில் இருப்பது மலாய் மொழியின் ‘சாகு’; அது உண்மையில் ஒரு பனையின் மாவைக் குறித்த சொல். சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையில் உழைக்கிறவர்களின் வாயில் துப்பியும் மலாயும் தமிழும் ஒரே தொழிலின் சொற்களாகப் புழங்குகின்றன.

கலப்பையில் மூன்று குடும்பங்கள்

கலப்பைக்கு நம் பழைய சொல் ‘நாஞ்சில்’. இன்று பேச்சில் ஏரும் கலப்பையும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, நாஞ்சில் நாட்டின் பெயரில் அது வாழ்கிறது. கன்னட உழவர் இன்றும் ‘நேகிலு’ என்கிறார், தெலுங்கு உழவர் ‘நாகலி’ என்கிறார். வடமொழியில், ரிக் வேதத்திலேயே, ‘லாங்கல’. சந்தால் மக்களின் மொழியில் ‘நாஹேல்’. கம்போடியாவின் கெமர் மொழியில் ‘அங்கல்’. மலாயில் ‘தெங்காலா’.

திராவிடம், இந்தோ-ஆரியம், ஆஸ்திரோ-ஆசியம் என்ற மூன்று குடும்பங்களும் ஒரு கலப்பையைப் பிடித்திருக்கின்றன. மலாய் நான்காவது குடும்பம். இது பிறப்பு உறவு அல்ல, கொடுக்கல் வாங்கல். சொல்லின் தொடக்கம் ஆஸ்திரோ-ஆசிய மொழிகளில் இருந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கணிப்பு. உழவுக் கருவியைக் கண்டவர், கேட்டவர், வாங்கியவர் எல்லோரும் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். நமக்கு மிக நெருக்கமான தொழிலின் சொல்லைக்கூட நாம் பிறரோடு பகிர்ந்திருக்கிறோம் என்பதில் குறைவு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்திலேயே நம் உழவர்கள் தொலைதூரத்து மனிதர்களோடு பழகியதற்கு அது ஆதாரம்.

அதிகாரமும் சொற்களைக் கொண்டுவரும். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாக, சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் பரம்பரைகளின் ஆளுகையில், 1976 வரை இருந்தது. ‘ஜாகீர்’ பாரசீகச் சொல்: இடத்தைப் பிடித்திருப்பவர். தாசில்தாரும் தாலுகாவும் ஜமாபந்தியும் அரபு, பாரசீகக் கலப்பில் வந்தவை. காட்டில் புழங்கும் சொற்களில் பெரும்பகுதி திராவிடமாகவும், மனு கொடுக்கப் போகும் அலுவலகத்தின் சொற்களில் பெரும்பகுதி அரபு, பாரசீகமாகவும் இருப்பதைப் பார்த்தாலே, யார் எந்த வழியாக அந்த மலைக்கு ஏறினார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஒலி ஒத்தால் உறவாகிவிடாது

சொல் ஆராய்ச்சியில் ஆசைக்கு இடம் கொடுத்தால் எதையும் எதோடும் சேர்த்துவிடலாம். நம் ‘ஒண்ணு’வும் ஆங்கில ‘ஒன்’னும் காதுக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆங்கிலச் சொல்லின் பழைய உருவம் ‘ஆன்’. லத்தீன் ‘ஊனுஸ்’ அதன் உறவு. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உண்மையான உறவு என்றால் பின்னோக்கிப் போகப் போக நெருங்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ம்பபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, முழுக்கத் தற்செயல்.

கொரியாவில் அப்பாவை ‘அப்பா’ என்றும் அம்மாவை ‘ஒம்மா’ என்றும் அழைப்பதைக் கேட்டு மகிழாத தமிழர் இல்லை. ஹோமர் ஹல்பர்ட் 1905லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். ஆனால் உதடு மூடித் திறந்தால் வரும் ஒலியில் பெற்றோரை அழைப்பது உலகெங்கும் குழந்தைகளின் இயல்பு. ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழையும் ஜப்பானிய மொழியையும் இணைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார். டேவிட் மக்கால்பின் பண்டைய ஈரானின் ஈலம் மொழியைத் திராவிடத்தோடு சேர்த்தார். இவர்களின் உழைப்பு மதிப்புக்குரியது. முடிவுகளைப் பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை. செவி-கிவி போல, சதிய-அதிய போல நூற்றுக்கணக்கான சொற்களில் ஒழுங்கான ஒலி மாற்றம் அங்கே நிறுவப்படவில்லை என்பதே காரணம்.

தமிழின் பெருமைக்கு இந்தக் கண்டிப்பு எதிரி அல்ல. கண்டிப்பான விதி இருந்ததால்தான் சதியபுத்திரர் அதியமானாக இருக்கலாம் என்று கல்வெட்டு கிடைக்கும் முன்பே சில அறிஞர்களால் ஊகிக்க முடிந்தது. பாறை அதைப் பின்னர் மெய்ப்பித்தது.

மலையில் காத்திருக்கும் வேலை

இந்த ஆராய்ச்சியில் நாம் மறக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. தமிழிடம் இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் இருக்கிறது. ஆனால் உப்பின் முதல் ஒலியைக் காப்பாற்றி வைத்திருந்தது தமிழ் அல்ல. எழுத்தில்லாத, 50,000 பேர் அளவில் பேசும் பர்ஜி. பர்ரோவும் சுதிபூஷண் பட்டாச்சாரியாவும் பஸ்தருக்குப் போய்க் கேட்டு எழுதி, 1953இல் பர்ஜி மொழி பற்றி நூல் வெளியிட்டார்கள். எமனோ 1930களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் பேச்சைப் பதிவு செய்தார். அப்படிப் போய்க் கேட்டவர்கள் இல்லாவிட்டால், நம் சொற்களின் வரலாற்றில் பாதி நமக்கே தெரியாமல் போயிருக்கும். கோண்டியும் பர்ஜியும் தமிழின் பிள்ளைகள் அல்ல, உடன்பிறந்தவை.

அதே மரியாதை நம் மலைப்பேச்சுக்கும் வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1971இல் கொல்லிமலைத் தமிழ் குறித்து கருணாகரனின் நூலை வெளியிட்டது. கல்வராயனின் பேச்சுக்கும் அந்தக் கவனம் வேண்டும். ஊர் ஊராக, ஒலிப்பதிவோடு வேண்டும். சாமையில் எத்தனை வகை, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், எந்த மரத்தின் பட்டைக்கு என்ன சொல், தேனடையின் எந்தப் பகுதிக்கு எந்தப் பெயர் என்பதெல்லாம் அங்குள்ள முதியவர்களின் வாயில் இருக்கிறது. சாமையின் இடத்தில் மரவள்ளி நடப்படும் ஒவ்வொரு காட்டிலும், பயிரோடு சேர்ந்து பத்துச் சொற்களும் வழக்கொழிகின்றன.

இதற்குப் பெரிய நிதியோ புதுக் கட்டடமோ தேவையில்லை. மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதிவர மாணவர்களுக்குச் சொல்லலாம். கைப்பேசியில் பதிவு செய்யலாம். சொல்லியவரின் ஊரையும் வயதையும் குறித்துக்கொள்ளலாம். அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைப் பல்கலைக்கழக மொழியியல் துறைகள் ஏற்கலாம். 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, தனக்கென ஒரு சொல் தொகுதியை வெளியிட்டால், அது அந்த மாவட்டத்தின் பெருமைக்கு மட்டும் உதவாது. திராவிட மொழிகளின் அடுத்த அகராதியில் தமிழுக்கு நேராகக் கல்வராயன் வழக்கு என்று புதிய பதிவுகள் சேரும். அந்த மலையில் பேசுகிறவர்களின் சொல்லும் சங்கப் புலவரின் சொல்லுக்கு நிகரான சான்று என்று நாம் ஏற்றுக்கொண்டால் போதும். வேலையை நாளைக்கே தொடங்கலாம்.